பொய்த் துளை

மூடி விழுந்ததும் பிரமு செத்துப்போனாள். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். மூடி விழும், கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்கும், செத்துப்போவாள்; ஏழு வாளும் உள்ளே வந்து வெளியே போன பிறகு உயிர் வந்து சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பாள். சொல்லிக்கொடுத்தது அவளுடைய நாத்தனார் சண்முகவடிவு. தனக்குக் கல்யாணம் ஆகிறவரைக்கும் அண்ணனுடைய மேஜிக் ஷோவில் இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்தவள் அவள்தான். புது மதினியை உள்ளே உட்காரவைத்து உச்சந்தலையை அமுக்கி, "உள்ள போயிட்டா நீ செத்தவ மதினி. செத்தவ இருமுவாளா? தும்முவாளா? ஐயோம்பாளா? எங்க அண்ணன் நிசமாவே குத்தினாலும் நீ மூச்சுக் காட்டப்படாது" என்று சொல்லிவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். பிரமுவும் அன்றைக்குச் சிரித்தாள். இன்றைக்கு அந்தச் சொல் முழங்காலுக்கும் தாடைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. நிசமாவே குத்தினாலும். வெளியே தகரக் கொட்டகை, ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆட்டம், பொருட்காட்சி பார்க்க வந்த கூட்டம் பெரிய அப்பளமும் கையுமாக வெயிலுக்கு ஒதுங்கி வந்து உட்கார்ந்திருக்கிறது. பெட்டிக்குள் பழைய பெயிண்ட் வாசனை, புறா எச்ச வாசனை, அவளுடைய வேர்வையே ஊறி ஊறிப் பலகைக்கு ஏறிவிட்ட ஒரு புளித்த வாசனை. வலப்பக்கம் மூன்று துளை. மூன்றிலிருந்தும் வெளிச்சம் குச்சி குச்சியாக வந்து மடியில் விழுகிறது. இடப்பக்கம் நாலு துளை. அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. இடப்பக்கம் முழுக்க இருட்டு.

அந்தத் தாள்தான். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் பொருட்காட்சிக் கமிட்டி ஆள் ஒருத்தர் பசை வாளியோடு வந்து, பெட்டியின் இடப்பக்கம் ஒரு பாத்திரக்கடை விளம்பரத்தைத் தலையிலிருந்து கால்வரைக்கும் அப்பிவிட்டுப் போனார். நாலு துளையும் மறைந்துபோச்சு. துளையைச் சுற்றி அவள் புருஷன் ஆவுடையப்பன் தன் கையால் போட்டிருந்த மஞ்சள் வளையமும் மறைந்துபோச்சு. "புரொபசர், உங்களுக்குத் தொந்தரவு இல்லையே" என்று அந்த ஆள் கேட்டபோது அவர் கையை விரித்து, "ஒட்டுங்க அண்ணாச்சி, குத்துதப்ப தாளு டர்ருனு கிழிஞ்சா ஜனத்துக்கு வயித்தக் கலக்கும்லா, நல்லதுதான்" என்றார். பிரமு பக்கத்தில் ஈரக்கையோடு நின்றாள். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. என்னவென்று சொல்வாள்? வேண்டாம்ங்க என்றால் ஏன்ட்டி என்பார். ஏன் என்று சொன்னால் நேற்றுக் காலையில் தனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரிந்துபோகும். ஆக அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுத் தூக்கை மூடப் போனாள். தூக்கை மூடுகிறதற்கா அவ்வளவு நேரம்? மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். இப்போது இருட்டுக்குள் இடது கையை நீட்டித் துளைகளைத் தடவிப் பார்க்கிறாள். மேலிருந்து ஒன்று. ரெண்டு. அந்த ரெண்டாவதுதான் பொய்த் துளை. பெட்டி செய்த கல்லிடைக்குறிச்சி ஆசாரி அளவு தப்பிப் போட்டது. தப்பென்று தெரிந்ததும் கீழே ஒன்று சரியாகப் போட்டார். பலகையை வீணாக்குவானேன் என்று இதை அப்படியே விட்டார். ஆட்டத்துக்கு அதுவும் ஒரு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் வாள் வரக்கூடாது. ஆறாவது வாளுக்கு அவள் சாய்ந்து கொடுக்கிறபோது அவளுடைய கழுத்து சரியாக அந்தத் துளைக்கு நேரே இருக்கும்.

வெளியே மைக்கில் அவர் குரல். மைக்குக்கு முன்னால் வந்துவிட்டால் அவர் ஆவுடையப்பன் கிடையாது, புரொபசர் ஆவுடை. குரலில் ஒரு தேன் ஏறிவிடும். "பெரியோர்களே, தாய்மார்களே, இந்த வாளு கூரு இருக்கா இல்லையான்னு இப்பப் பாத்தீங்க, பூசணிக்காய் பாத்துது, நீங்களும் பாத்தீங்க. இப்ப என் ரெண்டு கண்ணையும் கட்டிக்கிட்டு ஏழு வாளையும் உள்ள இறக்கப் போறேன். துணியை யாராவது வந்து பாத்துக்கிடலாம்." யாரோ மேடையேறுகிற சத்தம். பலகை அதிர்கிறது. "நல்லாப் பாருங்க தம்பி. தெரியுதா?" "ஒண்ணுந் தெரியல சார். கும்மிருட்டு." கூட்டம் கைதட்டுகிறது. கண்கட்டுத் துணி ரெண்டு உண்டு. ஒன்று கனத்த கறுப்பு, கூட்டத்துக்குக் காட்டுகிறது. இன்னொன்று அதே மாதிரி, நடுவில் சல்லா வைத்து அவளே தைத்தது, கட்டிக்கொண்டாலும் உள்ளேயிருந்து எல்லாம் தெரியும். காட்டுகிறதைக் காட்டிவிட்டுக் கட்டுகிறபோது மாற்றிவிட வேண்டும், அதுதான் வித்தை. சித்திரை மாசத்தில் இந்தக் கண்கட்டைப் புதிதாகச் சேர்த்தார். அவளும் ராத்திரியோடு ராத்திரியாகச் சல்லா வைத்துத் தைத்துக்கொடுத்தாள். நேற்று டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது அந்தச் சல்லாத் துணி அடியில் கிடந்தது. தைத்துக்கொடுத்த மடிப்புக் கலையாமல், அந்துருண்டை வாசனையோடு. ஒரு தடவைகூட அதைக் கட்டவில்லை மனுஷன். மூன்று மாசமாகக் கனத்த துணியையே கட்டிக்கொண்டு குத்துகிறார். கட்டினாலும் கட்டாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான் என்றால், எதுக்கு மாற்றுவார்? ஊரை ஏமாற்றுகிற தொழிலில் இருக்கிற மனுஷன் கண்ணைக் கட்டிக்கொண்ட பிறகுதான் பொய் சொல்லாமல் நிற்கிறார்.

முதல் வாள். டொக். வலப்பக்கம் மேல்துளையை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, சரக்கென்று உள்ளே வந்தது. அவள் உடம்பு தானாகத் தோளைத் தாழ்த்திக்கொண்டது. வாள் பிடிவரைக்கும் இறங்கி டக்கென்று நின்றது; நுனி எதிர்ப்பலகைக்கு நாலு விரல் தள்ளி நிற்கும், ஆசாரி வைத்த அளவு. இந்தத் தட்டு இருக்கிறதே, இது முன்னால் கிடையாது. போன வருஷம்தான் ஆரம்பித்தார். துளையைத் தட்டி எண்ணிவிட்டுக் குத்துவார். கூட்டத்துக்கு அது திகிலாக இருந்தது. பிரமுவுக்கோ, உள்ளே இருக்கிறவளுக்கு இடம் தெரியட்டும் என்று தட்டுகிறார் என ஒரு நினைப்பு. அதில் ஒரு சந்தோஷம்கூட. மனுஷனுக்கு வயசாக வயசாக என்மேல் அக்கறை வருகிறது என்று. எவ்வளவு பைத்தியம். மேஜிக்காரன் வீட்டில் இருக்கிறவளுக்கு வருகிற பைத்தியம் அது, வேறு யாருக்கும் வராது. மற்ற வீட்டில் புருஷன் டம்ளரைத் தட்டிவிட்டால் என்னங்க, கண்ணு தெரியலையா என்று பெண்டாட்டி கேட்பாள். இவர் தட்டிவிட்டால், தட்டிவிட்ட அதே கையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் காட்டுவார். அவள் சிரிப்பாள். கதவில் முட்டிக்கொண்டால், கதவைப் பார்த்து ஒரு சல்யூட் வைப்பார். சிரிப்பாள். சீட்டுக்கட்டு வித்தையைப் பொங்கலோடு நிறுத்திவிட்டு, "இப்ப எவன்ட்டி சீட்டுப் பாக்கான்" என்றார். அதுவும் சரிதானே என்றிருந்தாள். ஒரு நாள் திருநெல்வேலிக்குப் போய்விட்டுக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கண்ணில் நீர் வடிய வந்தார். பஸ்ஸில் தூசி விழுந்துட்டு என்றார். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டால் அப்படி வடியும் என்று அவளுக்குத் தெரியாதா? அவருடைய அப்பாவுக்கும் அறுபது வயசுக்குள் ரெண்டு கண்ணும் போனது தெரியாதா? தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை. இடது கையில் எதையாவது ஆட்டினால் வலது கையை விட்டுவிட்டு அதையே பார்க்கிற கூட்டத்தைப் பார்த்து இருபத்தாறு வருஷமாக உள்ளுக்குள் சிரித்தவள், வீட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்து ஏமாந்திருக்கிறாள்.

கடைசியில் காட்டிக்கொடுத்தது அந்தப் பிள்ளை பெனிட்டா. அவளுக்கே தெரியாது, காட்டிக்கொடுத்தோம் என்று. யூனிவர்சிட்டியில் ஏதோ பெரிய படிப்பு, தை மாசத்திலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். "ஜனங்க தினமும் செய்யுறதை எப்படிச் செய்யுதாங்கன்னு பாக்கிற படிப்புக்கா. மேடையில வேசம் போடுத மாதிரியே வீட்டுலயும் ஆளுக்கொரு வேசம் போடுதோம்லா, அது. மேடையே தொழிலா இருக்கிற வீட்டைப் பாக்கணும்னு எங்க புரொபசர் சொன்னாங்க." "உங்க புரொபசரும் புறா எடுப்பாரா பிள்ள?" "எங்க உயிரை எடுப்பாங்கக்கா." அடுப்படி மூலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொள்வாள். யார் முதலில் எழுந்தார்கள், யார் யாரிடம் என்ன கொடுத்தார்கள், கொடுத்தபோது முகத்தைப் பார்த்தார்களா, எல்லாம் எழுதுவாள். தோசை திருப்புகிறதையும் எழுதுவாள். "இதையெல்லாமா எழுதுவாக, சும்மா நடக்குததை" என்று பிரமு கேட்டால், "சும்மா நடக்குததுதான்க்கா யாரும் பாக்காதது" என்பாள். நேற்று ஆட்டம் கிடையாது; சாமானை இறக்க அவர் கொட்டகைக்குப் போன பிறகு நோட்டோடு வந்தாள். எழுதினதை எழுதப்பட்டவர்களுக்கு வாசித்துக் காட்டி, தப்பிருந்தால் திருத்திக்கொள்ள வேண்டுமாம், அது அவர்கள் படிப்பில் ஒரு முறை. பிரமு கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

டொக். சத்தம் இடப்பக்கம். ரெண்டாவது வாள், இடப்பக்கம் மேல்துளை. தாளுக்கு மேலே விரல் ஊர்கிற சத்தம், எலி சாக்கைப் பிறாண்டுகிற மாதிரி. ஓரத்தைப் பிடித்து, கீழே இறங்கி, நின்றது. டர்ரென்று தாள் கிழிந்தது. கூட்டத்தில் ஒரு பெண் "அம்மாடி" என்றாள். வாள் அவளுடைய முன்நெற்றிக்கு மேலே போய் நின்றது. சரியான இடம். பிரமு விட்ட மூச்சு வாள் அலகில் பட்டுத் திரும்பி முகத்துக்கே வந்தது. கிழிந்த தாளின் ஒரு துண்டு உள்பக்கம் சுருண்டு தொங்கியது. வெளியேயும் அப்படித்தான் சுருண்டிருக்கும். கூட்டத்திலிருந்து ஒருத்தன், "வே புரொபசர், உள்ள ஆளு இருக்கா, எந்திரிச்சு ஓடிட்டாளா?" என்று கத்தினான். அவர் விடுவாரா. "ஓடுததுக்கு இருபத்தாறு வருசமா வழி தேடுதா அண்ணாச்சி. நாந்தான் கொக்கியைக் கழட்டல." கொட்டகையே சிரித்தது. செத்தவள் சிரிக்கமாட்டாள். ஆனாலும் உதடு கொஞ்சம் விரிந்துவிட்டது, பழக்கம்.

'தேநீர் டம்ளரை அக்கா நீட்டுகிறார். கணவர் கை நீட்டுவதில்லை. டம்ளர் அவருடைய விரலைத் தொட்ட பிறகே பிடித்துக்கொள்கிறார். பதினேழு தடவை பார்த்தேன், பதினேழும் அப்படியே.' வாசித்துவிட்டு அந்தப் பிள்ளை நிமிர்ந்து, "இதுக்கு நான் என்ன எழுதியிருக்கேன்னா, இது ஆம்பளை அதிகாரம். குடுக்கிறது பொம்பளை வேலை, வாங்கக்கூட அவர் அசையமாட்டார். சரிதானேக்கா?" என்றாள். பிரமுவின் விரல் கீரைத்தண்டில் நின்றுவிட்டது. அடுத்த பக்கம். 'மனைவியிடம் பேசும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. சற்று இடப்பக்கமாகப் பார்க்கிறார். இது அலட்சியம்.' அடுத்தது. 'செருப்பு, சொம்பு, துண்டு, ஒன்றும் இடம் மாறக்கூடாது. மாறினால் கோபப்படுகிறார். வீடு தனது என்ற எண்ணம்.' 'போனில் நம்பரை மனைவியைப் போடச் சொல்கிறார்.' 'பஸ்ஸின் போர்டை மனைவியை வாசிக்கச் சொல்கிறார். மனைவி எழுத்துக்கூட்டி வாசிப்பதைக் கேட்டுச் சிரிக்கிறார்.' 'கொல்லைக்குப் போகும்போது சுவரில் ஒரு விரலை உரசிக்கொண்டே போகிறார். சுவர்மேல் கோடு விழுந்திருக்கிறது.' ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க ஒரு வீடு கண்ணுக்கு முன்னால் எழும்பியது. தினமும் பெருக்கி மெழுகிப் படுத்த வீடு. அதற்குள் ஒரு குருடன் நடமாடிக்கொண்டிருந்தான். சுவரில் அந்தக் கோட்டை அவள் பார்க்காமலா இருந்தாள்? சுண்ணாம்பு அடிக்கணும் என்று நினைத்திருந்தாள். "தப்பு ஏதாவது இருந்தாச் சொல்லுங்கக்கா, திருத்திக்கிடுதேன்." பிரமு கீரையை முறத்தோடு தூக்கிக்கொண்டு எழுந்தாள். "சரியாத்தான் எழுதியிருக்க தாயி. அவுக அப்படித்தான். திமிரு." அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுளுவாக வந்தது என்று இன்னும் அவளுக்குத் தெரியவில்லை. நாளைக்கு ஆட்டம் பாக்க வாரேன்க்கா, முன்வரிசையில் உட்காருவேன், அதோட என் வேலை முடிஞ்சுது என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது முன்வரிசையில்தான் இருப்பாள். நோட்டும் பேனாவுமாக.

மூன்றாவது வாள் வலப்பக்கம் நடுத்துளையில் வந்து, மடக்கிய கைக்கும் விலாவுக்கும் நடுவில் இறங்கியது. நாலாவது, இடப்பக்கம் அடித்துளை. கீழ் ஓரத்திலிருந்து ஒரு தட்டு, டொக், டர்ர். தொடைக்கு அடியில் இரும்பு சில்லென்று பட்டது. அதுவும் சரி. ஐந்தாவது வலப்பக்கம் கீழே. சரி. ஒவ்வொன்றும் சரியாக வர வர அவளுக்குப் பயம் குறைய வேண்டும். குறையவில்லை, அது இருந்த இடத்தில் வேறு ஒன்று வந்து நின்றது. கோபம். இத்தனை நாள் வராத கோபம் ஐந்து வாளுக்கு நடுவில் அசையமுடியாமல் கிடக்கிறபோதா வரும்? தெரிந்தே செய்திருக்கிறாரே. தனக்குக் கண் இல்லை என்று தெரியும், உள்ளே இருக்கிறவள் நான் என்று தெரியும், வாளுக்குக் கூர் உண்டு என்று தெரியும். சித்திரையிலிருந்து ஆட்டம் உள்ள நாளெல்லாம் ரெண்டு ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏழு தடவை என் உயிரைக் கையில் வைத்து எண்ணியிருக்கிறார். எனக்குக் கண்ணு போயிட்டு பிரமு என்று ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதைவிட என்னைக் குத்திவிடலாம் என்று இருந்ததா உமக்கு? அப்படிக் கேட்கும்போதே அடுத்த கேள்வி அவளைப் பார்த்துத் திரும்பியது. நீ ஏன் சொல்லவில்லை? நேற்றுக் காலையிலிருந்து இன்று நாலு மணிவரைக்கும் ரெண்டு சாப்பாடு, மூன்று தேநீர், பஸ்ஸில் ஒரே சீட்டில் முக்கால் மணி நேரம். எனக்குத் தெரியும்ங்க என்று உனக்கு வாய் வரவில்லை. வராமல், வந்து கால் மடக்கி உட்கார்ந்துகொண்டாய். தாள் ஒட்டியதைப் பார்த்தும் உட்கார்ந்தாய். உட்காருகிறபோது மனசுக்குள் ஒரு சத்தியம் வேறு: ஏழும் சரியாக வந்தால் ஒன்றும் கேட்கமாட்டேன், ஒன்று தப்பினால் இன்றோடு வாயைத் திறந்து சொல்லிப்போடுவேன். ஐந்து வந்துவிட்டது.

ஆறாவது. அவள் தலையை இடப்பக்கம் சாய்த்துக் கழுத்தைப் பலகையில் ஒட்டினாள். இந்த வாள் இடப்பக்கம் மூன்றாவது துளையில் வரும், தாடைக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே. அதற்கு இப்படித்தான் சாய வேண்டும். காது பலகையில் அழுந்தியதும் வெளியே நடக்கிறது தலைக்குள்ளேயே நடக்கிற மாதிரிக் கேட்டது. அவருடைய விரல் மேலிருந்து இறங்கியது. முதல் துளையில் குத்தியிருக்கிற வாளின் பிடியைத் தொட்டது. டொக், ஒன்று. விரல் கீழே நகர்ந்தது. சுருண்டு கிடந்த தாளின் கிழிசலில் போய்ச் சிக்கியது. ஒரு நிமிஷம் அங்கேயே தடவியது. கிழிசலுக்கு அடியில் ஓட்டை இருக்கிறதாக நினைத்துக்கொண்டதா? டொக், ரெண்டு. அப்புறம் இன்னும் கீழே. டொக். மூன்று. அந்த மூன்றாவது தட்டு அவள் காதுக்கு அடியில், கழுத்தில் துடிக்கிற நரம்பின் மேலேயே விழுந்தது. அது மூன்றாவது துளையில்லை. ரெண்டாவது.

ஒரு தட்டு போதும். உள்ளேயிருந்து முட்டியை மடக்கிப் பலகையில் ஒரே ஒரு தட்டு. அவருக்குப் புரிந்துவிடும். ஆனால் கொட்டகைக்கும் கேட்டுவிடும். ஏ, உள்ள தட்டுதா வே என்று எவனாவது கத்துவான். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் கண்ணில் துணியோடு, கையில் வாளோடு, எந்தப் பக்கம் கூட்டம் எந்தப் பக்கம் திரை என்று தெரியாமல் நிற்பார். துணியை அவிழ்த்துக்கொண்டாலும் அப்படியேதான் நிற்பார். அதைக் கூட்டம் பார்க்கும். அந்தப் பிள்ளை பார்க்கும், நோட்டில் திருத்திக்கொள்ளும். அப்புறம் வீடு. சுவரில் கோட்டோடு இருக்கிற வீடு. பகலெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து வெறுங்கையை மடியில் வைத்திருக்கிற ஒரு மனுஷன். அவருடைய அப்பா அப்படித்தான் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் சோற்றைப் பிசையக்கூட மாட்டேன் என்று கையை இறுக்கிக்கொண்டார். இதெல்லாம் ஒரு மூச்சு நேரத்தில் வந்து போயிற்று. விரல் இன்னும் துளைமேலேயே இருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் இருந்தது. சந்தேகப்படுகிறார். பிரமு கண்ணை மூடிக்கொண்டாள். நிறுத்தும். நான் தட்டமாட்டேன், நீராக நிறுத்தும். போதும்னு சொல்லிப் பெட்டியைத் திறந்து என்னை வெளியே எடும், ஜனம் என்னவும் நினைச்சுக்கிடட்டும். நிறுத்தினீரானால் என் காலம் முச்சூடும் உமக்குக் கண்ணாக இருப்பேன். விரல் விலகிக்கொண்டது. "ஆறாவது வாள்" என்றது மைக், தேனாக.

தாள் கிழிகிறதற்கு முன்னால் அவளுடைய இடது கை எழும்பிவிட்டது. யார் எழுப்பினார்களோ. உள்ளங்கை கழுத்துக்கும் துளைக்கும் நடுவில் போய் நின்றது; நுனி பெருவிரலுக்கு அடியில் உள்ள சதையில் ஏறியது. வலி உடனே வரவில்லை. சூடுதான் வந்தது. வாய் திறந்துகொண்டது, சத்தம் வரவில்லை, செத்தவள். வாள் நின்றது. அவர் கைக்குத் தெரிந்திருக்கும். பூசணிக்காயும் தெரியும், பலகையும் தெரியும், காற்றும் தெரியும், அந்தக் கைக்கு இது எதுவும் இல்லை என்று தெரிந்திருக்கும். ஒரு கணம் வெளியே அவரும் உள்ளே அவளும் ஒரே வாளை ரெண்டு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் எவனோ அப்பளத்தை நொறுக்குகிற சத்தம்கூடக் கேட்டது. பிரமு கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, தலையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு முதுகுப் பலகையில் அழுத்திக்கொண்டு, சதையிலிருந்து நுனியைத் தள்ளி, அலகைத் தட்டையாகப் பிடித்துத் தாடைக்கு முன்னால் திருப்பினாள். திருப்பி, தானே இழுத்தாள். தன் கையால் உள்ளே இழுத்தாள். பிடி வந்து பலகையில் டக்கென்று மோதுகிறவரைக்கும். கொட்டகை கைதட்டியது.

ஏழாவது வாள் மூடி வழியாக வந்தது, அதில் தப்புவதற்கு ஒன்றும் இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாக உருவினார். ஆறாவதை உருவுகிறபோது பிரமு தன் சிவப்புச் சாட்டின் பாவாடையின் மடிப்பை அலகின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வாள் துணிக்குள்ளேயே துடைத்துக்கொண்டு சுத்தமாக வெளியே போனது. கையைப் பாவாடைக்குள் திருகிக் கெட்டியாக முடிந்து பிடித்தாள். சிவப்பில் சிவப்புத் தெரியாது. கொக்கி விழுந்தது. மூடி திறந்தது. வெளிச்சம் கண்ணில் குத்த, அவள் உயிர் வந்து, சிரித்துக்கொண்டே எழுந்து நின்றாள். அவர் கண்கட்டை அவிழ்த்தார். அவிழ்த்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார், அவளுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக.

இங்கேதான் புரொபசர் கையை நீட்டி மிஸ் பிரமீளா என்கிற பிரமுவை மேடையில் இறக்க வேண்டும். அவர் கை இடுப்புயரத்தில் விரிந்து நின்றது, நீளவில்லை. வழக்கமாக வலது கையைக் கொடுப்பாள். அவர் நிற்கிற பக்கத்துக்கு இன்றைக்கு இடது கைதான் வாகாக இருந்தது. பாவாடையிலிருந்து பிரித்து, அந்தக் கையைக் கொண்டுபோய் அவர் விரலில் தொடவைத்தாள். தொட்ட பிறகு பிடித்துக்கொண்டார். இறங்கினாள். ரெண்டு பேரும் கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். முன்வரிசையில் எல்லாரும் கைதட்ட, பெனிட்டா மட்டும் குனிந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். பதினெட்டு என்று எழுதியிருப்பாள். சிரித்த பல்லை அசைக்காமல், உதட்டையும் அசைக்காமல், மேடையில் பேசிப் பழகின பேச்சில் அவர் கேட்டார்:

"ஏன்ட்டி கை ஈரமா இருக்கு?"

சொல்லிப்போடுவேன் என்று சத்தியம் செய்திருந்தாள். ஒன்று தப்பினால் சொல்லிப்போடுவேன்.

"வேர்வைங்க. உள்ள ஒரே வெக்கை."

அவருடைய பெருவிரல் அவள் உள்ளங்கையில் மெதுவாக ஒரு தடவை நகர்ந்தது. காயத்தின் ஓரத்துக்கு வந்ததும் நின்றது. வேர்வை இவ்வளவு பிசுபிசுக்காது. கைதட்டல் ஓய்கிறவரைக்கும் அவர் அந்த விரலை அங்கிருந்து எடுக்கவில்லை, சிரிப்பையும் எடுக்கவில்லை. அப்புறம், அடுத்த ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் சொன்னார்:

"ஆறரை ஆட்டத்துக்கு முன்ன அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுரு."

"சரிங்க" என்றாள் பிரமு. வலப்பக்கத் தூணைப் பார்த்துக் கும்பிடப்போன அவரை, காயம்பட்ட கையாலேயே மெல்ல அழுத்தி, கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டாள்.